விலைபோன வீரர்கள்! விலைபோகாத ஒருவர்!

1919-ம் ஆண்டு, அக்டோபர் 1-ந் தேதி.

அமெரிக்காவில், ஓஹியோ நதிக்கரையில் சின்சினாட்டி என்ற நகரம் இருக்கிறது. அந்த நகரத்துப் பேஸ்பால் மைதானத்தில் அன்று 30 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குத் தம்பி முறை. ஒருவர் பந்து வீசுவார். எதிர்க் கோஷ்டிக்காரர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். மூன்று முனைகளைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். ஒன்பது சுற்று முடிவில் யாருக்கு ஓட்டம் அதிகமோ, அவர்களுக்கே வெற்றி.

ஆண்டுதோறும் இரண்டு பெரிய லீக்குகளிலும் முதலிடம் பெற்ற கோஷ்டிகள் மோதும் பந்தயத்துக்கு 'உலகத் தொடர்' என்று பெயர். 1919-ல் மோதியவர்கள், சிகாகோ 'ஒயிட் சாக்ஸ்' கோஷ்டியும், சின்சினாட்டி 'ரெட்ஸ்' கோஷ்டியும்.

சிகாகோதான் ஜெயிக்கும் என்று பலரும் சொன்னார்கள். அந்தக் கோஷ்டியின் பந்து வீச்சாளர் எடி சீகாட் லேசுப்பட்டவர் அல்ல. அந்த ஆண்டு மட்டும் 29 பந்தயங்களை வென்று கொடுத்தவர்!

சீகாட் முதல் பந்தை வீசினார். சரியாகப் போயிற்று.

இரண்டாவது பந்தை வீசினார். அது எதிரே நின்றவரின் முதுகில் போய் விழுந்தது!

'பாவம், கை தவறிவிட்டது' என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள்.

கை தவறவில்லை. அது ஒரு ஜாடை! பேசிய பேச்சு முடிந்தது, பந்தயத்தில் தோற்றுக் கொடுக்கிறோம் என்று சூதாடிகளுக்குக் காட்டிய ஜாடை!

கூட்டம் எங்கிருந்து வந்தது?

காசு கொடுத்து ஆட்டம் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் எப்படிப் பரவியது? அது தெரிந்தால்தான் இந்த மோசடி எவ்வளவு பெரியது என்பது புரியும்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்க நகரங்கள் பொங்கிய பாலைப்போல் பெருகின. இரும்பு ஆலை, இறைச்சித் தொழிற்சாலை, துணி ஆலை என்று வேலை தேடி வந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். கிராமத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. கடல் கடந்து இத்தாலி, போலந்து, ஜெர்மனி, அயர்லாந்து நாடுகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒருவர் பேசும் பாஷை இன்னொருவருக்குப் புரியாது.

ஆனால், பந்து பறந்தால் எல்லோருக்கும் புரியும்!

மின்சார டிராம் வந்தது. சில காசுகளில் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக முடிந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டிராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அவற்றில் அடிபடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதே அங்குள்ள ஜனங்களுக்குப் பெரும்பாடு. அதனால் அந்த ஊர்க் கோஷ்டிக்கே 'டாட்ஜர்ஸ்', அதாவது 'ஒதுங்கி ஓடுகிறவர்கள்' என்று பெயர் வந்துவிட்டது!

பத்திரிகைகள் விளையாட்டுக்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கின. பெரிய பந்தயம் நடக்கும் நாட்களில், பத்திரிகை அலுவலகங்களின் வாசலில் ராட்சதப் பலகைகளை மாட்டினார்கள். தந்தி மூலம் வரும் செய்தியைக் கொண்டு, யார் எந்த முனையில் நிற்கிறார், யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை அந்தப் பலகையில் காட்டினார்கள். பந்தையே பார்க்காமல், பலகையைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்று கைதட்டினார்கள்!

1903-ம் ஆண்டு முதலாவது 'உலகத் தொடர்' நடந்தது. பாஸ்டன் கோஷ்டி பிட்ஸ்பர்க் கோஷ்டியைத் தோற்கடித்தது.

பெரிய கோஷ்டிகளின் பந்தயங்களைப் பார்க்க, 1901-ல் சுமார் 36 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. 1909-ல் அது சுமார் 72 லட்சம் ஆயிற்று. எட்டே ஆண்டுகளில் இரண்டு மடங்கு!

பழைய மைதானங்களில் மரப் பலகைகளால் ஆன காலரிகள்தான் இருந்தன. அடிக்கடி தீப்பிடித்தன. கூட்டத்தையும் தாங்கவில்லை. ஆகவே, முதலாளிகள் இரும்பாலும் கான்கிரீட்டாலும் கட்டத் தொடங்கினார்கள். 1909-ல் பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் அப்படிப்பட்ட மைதானங்கள் எழுந்தன. 1910-ல் சிகாகோ, 1912-ல் பாஸ்டன், 1913-ல் புரூக்ளின் என்று வரிசையாக வந்தன.

வாரத்தில் ஆறு நாள் ஆலையில் வேலை செய்கிறவனுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால், பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடத்தக்கூடாது என்று சட்டம் இருந்தது. 'அது கடவுளுக்குரிய நாள்' என்றார்கள். நியூயார்க்கில் அந்தத் தடை 1919-ல்தான் நீங்கியது.

அதே 1919-ல்தான் ஆட்டத்தையே விற்றார்கள்!

கொத்தடிமை ஒப்பந்தம்

டிக்கெட்டுக் காசு மலைபோல் குவிந்தது. அது யாருக்குப் போயிற்று?

பெரும்பகுதி முதலாளிகளுக்குப் போயிற்று. ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு கோஷ்டியில் சேர்ந்துவிட்டால், அந்த முதலாளியாகப் பார்த்து விடும்வரை வேறு கோஷ்டிக்குப் போக முடியாது! கொடுக்கிற சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆடவேண்டும். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும்.

சிகாகோ கோஷ்டியின் முதலாளி சார்லஸ் காமிஸ்கி. 'அவர் மகா கஞ்சன். வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் வீரர்கள் சூதாடிகளிடம் போனார்கள்' என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால், பிற்காலத்தில் சம்பளக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். சிகாகோவின் சம்பளம் மற்றக் கோஷ்டிகளைவிடக் குறைவு அல்லவாம். அங்கே இருந்த அதே விலங்குதான் மற்ற ஊர்க்காரர்கள் காலிலும் இருந்தது. அவர்கள் எல்லோரும் ஆட்டத்தை விற்றுவிடவில்லை.

மைதானத்தைச் சுற்றிச் சூதாடிகள் ஈயைப்போல் மொய்த்தார்கள். ஓட்டல் வராந்தாவில் ஆட்டக்காரர்களோடு பேசுவார்கள். தோளில் கை போடுவார்கள். 'உனக்கு இவ்வளவு' என்று காதைக் கடிப்பார்கள்.

தலையணைக்கு அடியில் பணம்

பந்தயம் தொடங்குமுன் சீகாட் தம் ஓட்டல் அறைக்குப் போனார். தலையணையைத் தூக்கினார். கீழே 10 ஆயிரம் டாலர் நோட்டுகள்!

சீகாட் ஒரு பண்ணை வாங்கிக் கடன்பட்டிருந்தார். அந்தப் பணம் அவர் வாயைக் கட்டிவிட்டது.

முதல் பந்தயத்தில் சிகாகோ 9-க்கு 1 என்ற கணக்கில் படுதோல்வி அடைந்தது. இரண்டாவது பந்தயத்திலும் தோல்வி. அதில் பந்து வீசிய கிளாட் வில்லியம்ஸ் என்பவரும் சதியில் ஒருவர்.

அந்தச் சதியில் மொத்தம் எட்டுப் பேர் பெயர் அடிபட்டது. அவர்களில் பெரும் புகழ் பெற்றவர் ஜோ ஜாக்சன். தென் கரோலினா மாநிலத்துக்காரர். சின்னஞ்சிறு வயதிலேயே பருத்தி ஆலைக்கு வேலைக்குப் போனவர். பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், மட்டையைக் கையில் எடுத்தால் மன்னன்!

சூதாடிகள் கொடுத்த பணத்தில் 5 ஆயிரம் டாலர் அவர் கைக்கும் வந்தது.

குள்ளமான இளைஞர்

மூன்றாவது பந்தயம் சிகாகோவில் நடந்தது. அந்தக் கோஷ்டியின் இன்னொரு சிறந்த பந்து வீச்சாளர் பேபர், உடல் நலமின்றிப் படுத்துவிட்டார். அதனால் டிக்கி கெர் என்ற புது ஆளை இறக்கினார்கள்.

கெர்ருக்கு வயது 26. பெரிய கோஷ்டியில் அதுதான் அவருக்கு முதல் ஆண்டு. ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். இடது கைக்காரர். இந்தப் பொடியன் என்ன செய்துவிடப் போகிறான் என்று எதிரிகள் நினைத்திருந்தால், அதில் ஆச்சரியம் இல்லை.

அவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்க வேண்டியவர்களில் சிலர், தோற்பதற்குக் காசு வாங்கியவர்கள்! எதிரிலும் பகை, முதுகுக்குப் பின்னாலும் பகை.

கெர் பந்து வீசினார். எதிரிகள் ஒரு ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை! 3-க்கு 0 என்று சிகாகோ ஜெயித்தது.

ஆறாவது பந்தயத்திலும் அவரே பந்து வீசினார். ஆட்டம் பத்தாவது சுற்றுவரை இழுத்தது. கெர் கடைசிவரை நின்று 5-க்கு 4 என்று வென்றார்.

ஆனாலும், ஒரு கையால் எத்தனை நேரம் அணை போட முடியும்? மொத்தத் தொடரில் 5-க்கு 3 என்று சின்சினாட்டி வென்றது. தோற்ற மூன்று பந்தயங்களில் பந்து வீசியவர் வில்லியம்ஸ்!

குட்டு வெளிப்பட்டது

ஓராண்டு வரை ஊர் கிசுகிசுத்தது. 1920 செப்டம்பரில் சிகாகோவில் விசாரணை ஜூரர்கள் கூடினார்கள். சீகாட் வந்தார். உண்மையைக் கக்கினார். பிறகு ஜாக்சன் வந்தார்.

'நான் சொல்வதை எனக்கு எதிராகவே பயன்படுத்தலாம்' என்ற பொருளில் ஒரு காகிதத்தை ஜாக்சன் முன் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க அவரால் முடியாது!

அன்று கோர்ட்டு வாசலில் ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டே ஜாக்சனிடம் ஓடிவந்து, 'இது பொய்தானே?' என்று கேட்டதாக ஒரு கதை நாடு முழுவதும் பரவியது. அப்படி யாரும் தம்மிடம் கேட்கவில்லை என்று ஜாக்சன் பிற்காலத்தில் மறுத்தார். ஆனாலும், அந்தக் கதை சாகவில்லை. ஏன் சாகும்? கால் டாலர் கொடுத்து, வெயிலில் பலகையில் உட்கார்ந்து பார்த்த ஒவ்வொருவர் மனசிலும் அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான்!

1921-ல் வழக்கு நடந்தது. வீரர்கள் ஒப்புக்கொண்டு சொன்ன வாக்குமூலக் காகிதங்கள் மாயமாய் மறைந்துவிட்டன! ஆகஸ்டு 2-ந் தேதி, குற்றவாளிகள் அல்ல என்று ஜூரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கோர்ட்டிலேயே ஆரவாரம்!

அந்த மகிழ்ச்சி ஒரு ராத்திரிதான் நீடித்தது.

பேஸ்பாலின் மானத்தைக் காப்பாற்ற, முதலாளிகள் கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியைத் தங்களுக்கு மேல் தலைவராக நியமித்திருந்தார்கள். வெள்ளைத் தலை. கல் போன்ற முகம். மறுநாள் காலை அவர் உத்தரவு போட்டார். ஜூரர்கள் என்ன சொன்னாலும் சரி, இந்த எட்டுப் பேரும் இனி ஆயுள் உள்ளவரை ஆடக்கூடாது!

ஜாக்சன் அந்தத் தொடரில் 12 முறை பந்தை வெற்றிகரமாக அடித்திருந்தார். தொடரிலேயே அதிகம் அடித்தவர்களில் ஒருவர். 'நான் நன்றாகத்தானே ஆடினேன்' என்று கடைசிவரை சொன்னார். பணம் வாங்கியதை அது மறைக்கவில்லை. பக் வீவர் என்பவர் காசு வாங்கவில்லை. ஆனால், சதி தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் அதே தண்டனை.

கூட்டம் ஓடிப்போயிற்றா?

இல்லை! அதுதான் விந்தை.

ஜனங்கள் தங்கள் நம்பிக்கையை வைக்க ஓர் ஆளைத் தேடினார்கள். அந்த நேரத்தில் கிடைத்தவர் பேப் ரூத்.

பால்டிமோர் துறைமுகத்தை அடுத்த சாராயக் கடைக்காரரின் மகன் ரூத். அடங்காத பிள்ளை என்று, ஏழு வயதிலேயே ஒரு கிறிஸ்தவத் தொழிற் பள்ளியில் விட்டுவிட்டார்கள். அங்கே சட்டை தைக்கவும் கற்றார்; பந்து அடிக்கவும் கற்றார். 1919-ம் ஆண்டு இறுதியில் நியூயார்க் 'யாங்கீஸ்' கோஷ்டி அவரை ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது.

பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்தால் அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி. 1920-ல் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முந்தைய சாதனை 29. அதுவும் அவருடையதே!

அந்த ஆண்டு யாங்கீஸ் பந்தயங்களைப் பார்க்க 12 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு கோஷ்டி 10 லட்சத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. 1923-ல் நியூயார்க்கில் 'யாங்கி ஸ்டேடியம்' என்ற பிரமாண்டமான மைதானம் திறந்தார்கள். திறப்பு நாளிலேயே ரூத் ஒரு ஹோம் ரன் அடித்தார். 1927-ல் அவர் அடித்தது 60!

மற்ற ஆட்டங்களும் பேஸ்பாலைப் பின்தொடர்ந்தன. 1921 ஜூலை 2-ந் தேதி, ஜெர்சி நகரில் ஜாக் டெம்ப்சிக்கும் பிரான்சு வீரர் கார்பாந்தியேவுக்கும் குத்துச் சண்டை நடந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் பார்த்தார்கள். வசூல் 16 லட்சம் டாலருக்கு மேல்! நான்காவது சுற்றிலேயே கார்பாந்தியே சுருண்டு விழுந்தார்.

அந்தச் சண்டையை வானொலியும் வருணித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பிட்ஸ்பர்க் வானொலி முதல் முதலாகப் பேஸ்பால் பந்தயத்தை நேரடியாக ஒலிபரப்பியது. இனி, தெருவில் நின்று பலகையைப் பார்க்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே மைதானம் வந்துவிட்டது!

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

சூதாடிகளை விரட்டிய நீதிபதி லாண்டிஸ், இன்னொரு அநியாயத்தை விரட்டவில்லை.

கறுப்பு இனத்தவர் பெரிய கோஷ்டிகளில் ஆட முடியாது. அப்படி எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட வாய்ப்பேச்சுதான். இரும்பைவிட உறுதியாக இருந்தது! லாண்டிஸ் 1944-ல் இறக்கும்வரை, ஒரு கறுப்பர்கூட அந்த வாசலைத் தாண்டவில்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ரூப் பாஸ்டர் என்ற கறுப்பு இனத்துப் பந்து வீச்சாளர், சிகாகோவில் சொந்தமாக ஒரு கோஷ்டியை நடத்தினார். ஒயிட் சாக்ஸ் விட்டுப்போன பழைய மைதானம் இருந்த இடத்தில்தான் அவருடைய கோஷ்டி ஆடியது. 1920 பிப்ரவரியில் அவர் மற்ற ஊர்க்காரர்களையும் கூட்டி, 'நீக்ரோ நேஷனல் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

1947 ஏப்ரல் 15-ந் தேதி, ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு வீரர் புரூக்ளின் கோஷ்டிக்காக மைதானத்தில் இறங்கினார். கதவு திறந்தது. அதைக் காண பாஸ்டர் இல்லை. 1930-லேயே காலமாகிவிட்டார். அந்தக் கறுப்பர் லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று பேஸ்பால் தலைமை ஒப்புக்கொண்டது 2020-ல்! சரியாக நூறு ஆண்டு!

கெர் என்ன ஆனார்?

விலைபோகாத டிக்கி கெர்ருக்கு என்ன பரிசு கிடைத்தது?

1920-ல் அவர் 21 பந்தயங்களை வென்றார். 1921-ல் 19. 'சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்' என்று கேட்டார். முடியாது என்றார்கள். வெளியே போய், லீக்கில் சேராத ஒரு கோஷ்டியில் ஆடினார். உடனே தடை விழுந்தது! ஆட்டத்தை விற்றவனுக்கும் தடை, விற்காதவனுக்கும் தடை! 1925-ல் திரும்பி வந்தபோது, பழைய கை வேகம் இல்லை.

ஆட்டக்காரரைக் கட்டிப்போட்ட அந்த நிபந்தனை உடைந்தது 1975-ம் ஆண்டு இறுதியில்தான்.

கெர் பிறகு சின்னக் கோஷ்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து வாழ்ந்தார். 1940-ல் புளோரிடாவில் அவரிடம் ஸ்டான் மியூசியல் என்ற வாலிபர் இருந்தார். ஒரு நாள் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது மியூசியலின் தோள் அடிபட்டது. இனிப் பந்து வீச முடியாது. மனைவியோ பிள்ளைத்தாய்ச்சி. கையில் காசு இல்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கலங்கினார்.

கெர்ரும் அவர் மனைவியும் அந்த இளம் தம்பதியைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். 'வீச முடியாவிட்டால் என்ன? உன்னால் அடிக்க முடியும்' என்று கெர் தைரியம் சொன்னார். பிறந்த ஆண் குழந்தைக்கு, கெர்ரின் பெயரையே வைத்தார்கள்.

அந்த மியூசியல் பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த மட்டை வீரர்களில் ஒருவரானார். நன்றி மறக்கவில்லை. 1958-ல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், கெர் தம்பதிக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்! ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கெர் காலமானார்.

ஜோ ஜாக்சன் 1951-ல் இறந்தார். அவர் பெயர் மீதிருந்த தடையைப் பேஸ்பால் தலைமை நீக்கியது 2025 மே மாதத்தில். அவர் இறந்து 73 ஆண்டுகள் கழித்து!

சூதாடிகள் கொடுத்த பணம் எந்த மூலைக்குப் போயிற்றோ! கெர் வீசிய பந்துகளை மட்டும், நூறு ஆண்டு கழித்தும் ஜனங்கள் மறக்கவில்லை.